அக்காவின் வேதாகமத்தில் இல்லாத பக்கம்

செப்டம்பர் 19, வியாழன்

ஐம்பத்தொன்பது வயதில் கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் நின்றேன். வெட்கங்கெட்டவள்! பஸ் டிரைவர் தேசிக் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார். ஜியோன்ஜு டவுன் பஸ், கடைசி நிறுத்தம், எல்லாரும் இறங்கியபின், ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமலே. “யோசிச்சுச் சொல்லுங்க, இன்ஜா.”

யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. அவர் கத்தோலிக்கர். நானோ பிரஸ்பிடேரியன் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். அதைவிடப் பெரியது, மால்சுக் அக்கா. அம்மா போனபின் என்னை வளர்த்தவள். அவள் வராத கல்யாணம் எனக்கு வேண்டாம்.

செப்டம்பர் 20

அக்காவிடம் சொல்லிவிட்டேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, வேகம்தான் கூடியது.

“மரியாளைக் கும்பிடுறவன். பங்குச் சாமியாரோட உட்கார்ந்து அரிசிக்கள்ளு குடிக்கிறவன். அவன் போற இடத்துக்கே நீயும் போகப் போறியாடி?”

பயத்திலும் சிரிப்பு வந்தது. பரலோகத்தில் தன் இடத்துக்கு அக்கா எப்போதோ துண்டு போட்டுவிட்டாள்.

அக்டோபர் 5, சனி

நூடுல்ஸ் கடையில் யுத்தம்! அக்காவின் நிபந்தனை: வேதத்தில் உள்ளதை மட்டும் பேச வேண்டும், தேசிக் ஜெயித்தால் கல்யாணத்துக்கு வருவாள். இருவரும் வேதாகமத்தோடு வந்தார்கள்.

“செத்தவங்களுக்காக ஜெபிக்கலாம்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பார்ப்போம்!”

“மக்கபே இரண்டாம் ஆகமம், பன்னிரண்டாம் அதிகாரம்.”

அக்கா தேடினாள். மல்கியா முடிந்ததும் மத்தேயு. மறுபடி தேடினாள்.

“என் வேதத்துல இல்லையே!”

“எங்களுதுல இருக்கே.”

“நீங்களா அச்சடிச்சுச் சேர்த்துக்கிட்டீங்க!”

“உங்க ஆளுங்கதான் எடுத்துட்டாங்க. எங்களுக்கு எழுபத்துமூணு ஆகமம், உங்களுக்கு அறுபத்தாறு.”

கடைக்காரம்மா கரண்டியோடு நின்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தக் கன்னக்குழி, பாவி மனுஷன்! அக்கா மட்டும் அவர் புத்தகத்தை வாங்கி அந்தப் பகுதியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். நூடுல்ஸை முடிக்காமலே எழுந்து போனாள். தோற்ற கோபம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 9

அக்கா போன் செய்தாள். “விசுவாசிக்காமலே செத்தவங்களுக்கும் அந்த ஜெபத்தைப் பண்ணுவாங்களா?”

“ஏன்க்கா?”

“சும்மா. வாதத்துக்குத்தான்.” வைத்துவிட்டாள்.

ஐயோ. செத்துப்போன பியோங்தூ அத்தான்! சபை வாசலையே மிதிக்காத மனிதர். ஆஸ்பத்திரிக்கு வந்த போதகரையும் திருப்பி அனுப்பினார். அவர் எங்கே போயிருப்பார் என்று, தன் சபையின் போதனைப்படியே, அக்கா பதினோரு வருடமாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நான் ஒரு நாளாவது கேட்டேனா? என்ன தங்கச்சி நான்?

தேசிக்கிடம் கேட்டேன். “யார் எங்க போனாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? கேட்கிறதுதான் நம்ம வேலை” என்றார். கல்லறைத் திருநாளுக்கு என்னையும் அக்காவையும் அழைத்தார்.

அக்டோபர் 31

அக்கா வருகிறாளாம்! தப்புக் கண்டுபிடிக்கத்தானாம். சரி தாயே, வா.

நவம்பர் 2

கல்லறை மேடு, நல்ல வெயில். கத்தோலிக்கர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, இறந்தவர்களுக்காக மாற்றி மாற்றிப் பாடினார்கள். என் வாய் சும்மா இருக்குமா, நானும் சேர்ந்துகொண்டேன். அக்கா வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“உங்கள் இறந்தவர்களுக்காக ஜெபியுங்கள்” என்றார் சாமியார். அவர்கள் மௌனமாகத் தலை குனிந்தார்கள். எங்கள் சபையில் அப்படிச் சொன்னால் மூன்று முறை கூவி, எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போம். அறுபது வருடப் பழக்கம் — அக்கா கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

“கர்த்தாவே! கர்த்தாவே! கர்த்தாவே!”

மேடே திரும்பியது. அவள் சட்டையைப் பிடித்து இழுக்கப் போனேன். அதற்குள் —

“என் புருஷன் பியோங்தூ! முரடன்தான், உம்மைக் கூப்பிடாதவன்தான். ஆனா நல்லவன், கர்த்தாவே! பதினோரு வருஷமா கேட்கப் பயந்தேன். இப்பக் கேட்கிறேன். அவனை உள்ள விட்டுடும்!”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் முடிக்கும்வரை சாமியார் காத்திருந்தார். பிறகு தேசிக் உரக்க “ஆமென்” என்றார். மேடு முழுக்க ஆமென்.

இறங்கும்போது அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு தேசிக்கிடம் சொன்னாள்: “ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க. அந்த ஆகமத்து மேல எனக்கு இன்னும் சந்தேகம்தான்.”

நாலு படி இறங்கினாள். திரும்பினாள்.

“கல்யாணம் எந்த மாசம், மாப்பிள்ளை?”