ஒரு நாள் முந்திப் போட்ட இலை

என்ரை அன்பு மச்சாள் தவமணிக்கு,

ஊருக்கு நீர் என் வீட்டுக்காரரின் தங்கச்சி. எனக்கோ அதற்கும் முந்தி, உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த சிநேகிதி. அந்த உரிமையில் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நேற்று நீர் வந்தீரோ?

நீர் கண்மூடி ஒரு வருஷமாச்சு, நேற்றுப் புதன்கிழமை உம்முடைய ஆட்டைத் திவசத்தைச் செய்தோம். உமக்குப் பிள்ளையில்லாதபடியால் என் வீட்டுக்காரர், உம்முடைய கொண்ணர்தான் தர்ப்பை போட்டு இருந்தவர். பருத்தித்துறையிலிருந்து உம்முடைய புகுந்த வீட்டுச் சனமும் வந்தது. பாகற்காய், வாழைக்காய், பயற்றங்காய் என்று ஒரு கறியும் தவறவில்லை. பின்னேரம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது, ஒரு குறையும் விடவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. முருகா, அது இன்று காலைவரைக்கும்தான் நின்றது.

இன்று ஏகாதசி என்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பூ ஆய்ந்துகொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா வேலிக்கு மேலால் பார்த்தா.

"என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு? தேத்தண்ணி குடிக்கேல்லையே?"

"ஏகாதசியெல்லோ அக்கா."

"உனக்கு மட்டும் தனியா ஒரு ஏகாதசி வந்திருக்கோ? இண்டைக்குத் தசமி. நாளைக்குத்தான் ஏகாதசி. விரதக் கொப்பி வைச்சிருக்கிற ஆள் நீ, உனக்கு நான் சொல்லவேண்டிக் கிடக்கு!"

பூத்தட்டை வைத்துவிட்டு விரல் மடித்து எண்ணினேன். உம்முடைய திதி ஆவணிப் பூர்வபக்கத் தசமி. இன்றுதான் தசமியென்றால் நேற்று நான் ஆருக்கு இலை போட்டேன்?

எங்கே பிழைத்தது என்று உமக்குச் சொல்லவேணும். பழைய அன்ட்ரொயிட் போனில் பஞ்சாங்கம் போட்டுத் தந்தது நீர்தானே. "இனிக் கொப்பியிலை எழுதிக் கையை முறிக்காதையும்" என்று சொல்லித் தந்தீர். நானும் வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு எழுதிவந்த கொப்பியை நிற்பாட்டினேன். ஆனியில் கனடாவிலிருந்து மகள் ஐபோன் அனுப்பினாள். மாறினேன். அந்தப் பஞ்சாங்கம் இதிலே இல்லை. தேடி வேறொன்று எடுத்தேன். முதல் நாள் அது என்னவோ கேட்டது. வாசிக்காமல் "சரி" என்று அமத்திப்போட்டேன். அது வாக்கியமோ திருக்கணிதமோ என்று கேட்டிருக்கிறது, மச்சாள்! எங்கள் வீடு தலைமுறையாக வாக்கிய பஞ்சாங்கம். இரண்டுக்கும் சில வேளை ஒரு நாள் முந்திப் பிந்தும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போச்சே.

அந்தப் போனில் மனம் ஒட்டவேயில்லை. திரும்பிப் போக ஒரு பொத்தானைத் தேடி விரல் இன்னும் கீழே தடவுகிறது. படம் நல்ல வடிவாகத்தான் எடுக்கிறது. அதற்காக மாறியிருக்க வேணுமோ? பழையதைத் திருப்பி வாங்குவோம் என்று கொண்ணரிடம் ஓடினேன். அவர் அதைத் தோட்டத்துக்குக் கொண்டு திரிகிறார்.

"அதிலை தங்கச்சி போட்ட பஞ்சாங்கம் எங்கை?"

"போனிலை இடம் காணாது எண்டு சொல்லிச்சுது. அழிச்சுப்போட்டுக் கிரிக்கட் போட்டிருக்கிறன்."

"நாங்கள் நாள் மாறித் திவசம் செய்துபோட்டமப்பா!"

அவர் போனை மடிக்குள் செருகினார். பிறகு, "அவள் எந்த நாளிலை எங்கை நேரத்துக்குப் போனவள்? கலியாண வீட்டுக்கே முதல் நாள் போய் வாசலிலை நிண்டவள். நேற்றும் முந்தி வந்திருப்பாள், நீர் அழாதையும்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். கண்ணைத் துடைத்தது அவர்தான்.

திவசம் செய்வித்த ஐயருக்குப் போன் எடுத்தேன். நாளைக் குறித்துச் சொன்னதே நான்தானே. சங்கற்பம் சொல்லும்போதாவது நீங்கள் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அவ புகுந்த வீடு திருக்கணிதமெல்லோ அம்மா? அதைப் பாத்துத்தான் நாள் வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். நீங்கள் பிழை விடமாட்டியள்தானே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பருத்தித்துறைச் சனம் ஒருத்தரும் நேற்று வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு நேற்றுத்தான் தசமி. உமக்கும் ஒரு காலத்தில் அப்படித்தானே? வாக்கிய வீட்டில் பிறந்து, தாலி ஏறின நாளிலிருந்து திருக்கணிதத்துக்கு மாறினீர். உம்முடைய மனுசன் போய்ச் சேர்ந்தபிறகு எங்களோடு வந்திருந்த ஒன்பது வருஷமும் எங்கள் நாளுக்கே விரதம் பிடித்தீர். ஒரு போன் மாறினதற்கு நான் இந்தப் பாடு படுகிறேன். நீர் இரண்டு தரம் மாறினபோது உமக்கு மனம் உறுத்தவில்லையோ? நான் ஒரு நாளும் கேட்கவில்லையே.

இல்லை, நீர் முழுக்க மாறவேயில்லை. இரண்டு பஞ்சாங்கமும் முரண்படுகிற நாட்களில் நீர் இரண்டு நாளும் பட்டினி கிடப்பீர். "ரெண்டு வீட்டுக்கும் பொதுவான வயிறு" என்று சிரிப்பீர். விசர் வேலை என்று நான் பேசினேன். மன்னித்துக்கொள்ளும்.

ஐயர், பிழையில்லை, விடுங்கோ என்றுதான் சொன்னார். என்னால் விட முடியவில்லை. ஒன்பது வருஷம் எங்கள் அடுப்படியில் இருந்த மனுசி இன்று பசியோடு வந்து, வெறும் குசினியைப் பார்த்துத் திரும்பினால்? மறுபடி குளித்தேன். மறுபடி பாகற்காய் அரிந்தேன். நேற்றைய கறியில் கொஞ்சம் இருந்தது. அதை உமக்கு வைக்க மனம் வரவில்லை.

படையல் கறிக்கு உப்புப் பார்க்கக் கூடாதல்லோ, கைக்கணக்கில்தான் போட்டேன். கொண்ணர் சொல்லாமலே தலைவாழை இலை வெட்டிக்கொண்டு வந்தார். ஐயரும் இல்லை, சனமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் தேவாரம் பாடினோம். அவருக்கு வழமைபோல இரண்டாம் அடி மறந்துபோச்சு.

இலைக்குப் பக்கத்தில் பனங்கட்டியோடு, பால் விடாத ஒரு பிளேன்ரீ வைத்தேன். ஐயர் நின்றிருந்தால் விட்டிருக்கமாட்டார், நேற்று எனக்கும் துணிவில்லை. ஆனால் சோற்றுக்கு முந்தித் தேத்தண்ணி கேட்கிற ஆளை எனக்குத் தெரியாதோ?

நாளைக்கு எங்கள் ஏகாதசி. இன்றையது புகுந்த வீட்டு ஏகாதசி என்று வைத்துக்கொள்ளும். காலையில் தொடங்கின விரதத்தை முறிக்க மனமில்லை, நாளையும் பிடிப்பேன். உம்மைப்போல இரண்டு நாள். தலை சுற்றுகிறது, மச்சாள். நீர் எப்படித்தான் சிரித்துக்கொண்டு திரிந்தீர்?

மகள் தொலைபேசியில், "அம்மா, அதை வாக்கியத்துக்கு மாத்தலாம், ரெண்டு தரம் அமத்தினால் போதும்" என்கிறாள். வேண்டாம் என்றேன். போன் உம்முடைய பருத்தித்துறை நாளைக் காட்டட்டும். எங்கள் நாளுக்குக் கடைப் பஞ்சாங்கம் வாங்கிக் குசினிச் சுவரில் ஆணி அடித்துத் தூக்கியாச்சு. கொப்பியும் திறந்தாச்சு, முதல் வரியில் உம்முடைய திதிதான், பக்கத்தில் இரண்டு நாள் எழுத இடம் விட்டு. வருகிற வருஷம் முரண்பட்டால், கண்ணும் கையும் இருக்கும்வரை, இரண்டு நாளும் இலை போடுவேன். ஆர் கேட்டாலும் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று வந்தீரோ, இன்று வந்தீரோ, எனக்குத் தெரியாது. தேத்தண்ணியை மட்டும் ஆறவிடாதையும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான உம்மைத் தேடுகிற,
உம்மடை மச்சாள் பரமேஸ்