தேக்குக்கு மாற்றாய் வந்த பனைநார் இறகு

மழை பொய்யாதாகுக, மலை தேயாதாகுக.

காற்றை ஏவல் கொண்டு கழனிக்கு நீர் இறைக்கும் வளைதிரை நாட்டுக் காவலர் கோ நெடுந்திண்ணனாரின் திருவாணைப்படி, அவர்தம் தலைமை அமைச்சர் தாழைக்குடி கிழார் பெருஞ்சாத்தனார், குளிர்மலை வேள் வரையாண்டானார்க்கு விடுக்கும் ஓலை. வேளும் மனைமக்களும் மலைக்குடிகளும் நலம் பெருகி வாழ்க. அருவி வற்றாது வீழ்க.

எம் கரையில் நிற்கும் நூறு காற்றுச் சக்கரங்களுக்கும் தேக்கு இறகுகளே பூட்டப்படுகின்றன என்பதும், ஆடிக்காற்று ஆண்டுதோறும் அவற்றைப் பிளக்கிறது என்பதும், பிளந்தவற்றுக்கு ஈடாக நும் மலையில் கோடரி விழுகிறது என்பதும் வேள் அறிந்தவையே. எஞ்சியிருப்பது ஒரே ஒரு தேக்கங்காடு, அதுவும் போனால் அருவி வற்றும், குடிகள் எங்கே போவர் என்று நீவிர் தைத் திங்களில் முறையிட்டீர். சக்கரம் நின்றால் கழனி காயும் என்று இவ்வோலை விடுக்கும் அமைச்சர் ஒரே வரியில் மறுத்தார். அந்த ஒரு வரிக்காக அவர் இன்று வெட்கப்படுகிறார்.

பங்குனியில், துறையில் தோணிகளில் நீர் கசியாதிருக்கப் பனிச்சங்காய்ப் பால் பூசும் கொற்றி என்பாள் அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். பனைநாரைப் பாயாகப் பின்னி, பாய்மேல் பாயாக அடுக்கி, அடுக்குதோறும் பனிச்சம்பால் பூசிக் காயவைத்தால், தேக்கினும் இலேசான, தேக்கினும் வலிய இறகு கிடைக்கும் என்றும், அதற்குப் பனையை வெட்டவும் வேண்டா, மட்டை கழித்தால் போதும் என்றும் விண்ணப்பித்தாள். தோணி பூசுபவளுக்குச் சக்கரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தச்சர்கள் நகைத்தனர். வேந்தரோ ஒரு சக்கரத்தை அவளிடம் ஒப்படைத்து, இது நிலைத்தால் காடு நிலைக்கும், இது விழுந்தால் காடு விழும் என்று உரைத்தார்.

இங்கேதான் அமைச்சர் குறுக்கே புகுந்தார். புதிதாய் எது செய்யினும் நன்முழுத்தம் பார்த்து ஒன்பது குடம் நீராட்டுவது எம் நாட்டு வழக்கம். ஏழு வெயில் காயும் முன் ஒரு சொட்டு நீரும் படலாகாது என்று கொற்றி மன்றாடினாள். பூசிய மூன்றாம் நாளை விட்டால் ஒரு திங்களுக்கு நல்ல நாளே இல்லை என்று அமைச்சர் பிடித்த பிடியில் நின்றார். ஒன்பதாம் குடம் கவிழ்வதற்குள் இறகுகள் ஊறி உப்பிவிட்டன. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும், வேந்தர் கண்ணெதிரே, பாய் பாயாகப் பிரிந்து வயலில் விழுந்தன. தச்சர்கள் கைகொட்டிச் சிரித்தனர். கொற்றி விழுந்தவற்றைப் பொறுக்கிச் சுருட்டினாள். கோடரிக்காரர் நும் மலைக்குப் புறப்பட்டனர்.

மறுநாள் அமைச்சர் அவையில் எழுந்து, பிழை அந்தப் பெண்ணுடையதன்று, குடத்தைக் கவிழ்க்கச் சொன்ன வாயினுடையது என்று ஒப்புக்கொண்டார். வேந்தர் கோடரிக்காரரை மலையடிவாரத்தில் நிறுத்திவைக்கச் சொல்லி, கொற்றிக்கு இன்னொரு சக்கரம் அளித்தார். அவள் விதித்த நிபந்தனை ஒன்றே: ஏழு நாளும் அமைச்சரே சக்கரத்தடியில் அமர்ந்து, குடத்தோடு வருவோர் எவராயினும் விரட்ட வேண்டும். அமைச்சர் அமர்ந்தார். குடை பிடித்தும் முதுகு வெந்தது. தம் புரோகிதரையே இருமுறை விரட்டினார்.

ஆடி வந்தது. முப்பத்தொரு சக்கரங்களில் தேக்கு இறகுகள் பிளந்தன. கொற்றியின் சக்கரம் மழையில் நனைந்தது, ஆனால் ஊறவில்லை. ஆடி முழுதும் சுழன்று கடைமடைவரை நீர் பாய்ச்சியது. கடைமடை உழவர்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினர்.

ஆகவே ஆணையாவது: நும் தேக்கங்காட்டில் இனி எம் கோடரி புகாது. ஓடைக்கரைப் பனிச்சமரங்களின் காய்களை நும் குடிகள் பறித்துக் கூடைகளில் இறக்கித் தருக. ஈடாக எம் கழனி நெல் மலையேறும். நூறு சக்கரங்களுக்கும் இறகு செய்யும் பட்டறைக்குக் கொற்றியே தலைவி. நகைத்த தச்சர்கள் அவளிடம் பாய் பின்னக் கற்கின்றனர். இன்னும் கோணலாகவே பின்னுகின்றனர்.

கோடரிக்காரரைத் திருப்பியழைக்கும் சொல் ஆடி முடிந்த அன்றே குதிரையேறி வந்திருக்கும். ஓலை மட்டும் ஏன் பிந்தியது என்று வேள் எண்ணக்கூடும். அரக்குக்கு மாறாகப் பனிச்சம்பாலிலேயே இலச்சினை பதிக்க வேண்டும் என்பது வேந்தர் விருப்பம். பதித்த மூன்றாம் நாள் ஓலை விடுக்க நன்முழுத்தம் இருந்தது. அமைச்சர் ஓலையைக் கையில் எடுத்தார், கொற்றியைப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே திரும்ப வெயிலில் வைத்தார்.

ஏழு வெயில் கண்ட இலச்சினை இது. இது வேந்தர் ஆணை.