தாளில் இறந்தவர்

மேத்ர்,

ரூ காய் தெருவில் மாதுளம்பழம் வந்துவிட்டது. இன்று காலை மரக்கறி வாங்கப் போனபோது கடை வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்து, நீங்கள் செய்வதுபோலக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் என்ன தெரியும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைக்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

“அக்கா, உங்கடை அவுக்கா மடாம் இந்தமுறை பழம் வாங்க வரேல்லையோ?”

சட்டத்தரணிக்கு இங்கே நம்மவர்கள் சொல்வது அவுக்கா, நேரில் அழைப்பது மேத்ர். உங்களுக்குப் பெயர் இருந்ததே இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

“அவ செத்துப் போனா அண்ணை. வைகாசியிலை.”

“நல்ல மனிசி” என்றார். “வணக்கம் சொல்லிப்போட்டுத்தான் உள்ளுக்கை வருவா.”

இரண்டு பழத்தைப் பையில் போட்டுத் தந்தார். உங்கள் யூதப் புத்தாண்டு மேசையில் மாதுளம்பழம் இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு செப்டெம்பரிலும் வருவீர்கள். எனக்கும் ஒன்று வாங்கித் தருவீர்கள். இந்த முறை இரண்டையும் நானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மேசையில் வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதைப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்லறையில் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். உங்களுக்கென்று தமிழில் இப்போது சொல்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் துணிவுதான்.

2009க்குப் பிறகு ஊரிலிருந்து வந்தவர்களால், நம்மவர் கடைகள் உள்ள லா சப்பல் பகுதி நிறைந்திருந்தது. தொலைபேசி அட்டையும் விமானச் சீட்டும் விற்கும் கடையில் நான் வேலை செய்தேன். நிராகரிப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து “அக்கா, இதிலை என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒருநாள் நீங்கள் வந்தீர்கள். யூதச் சட்டத்தரணிகளின் சங்கமொன்று, பக்கத்து ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு மண்டபத்தை இரவல் வாங்கி, வியாழக்கிழமை பின்னேரங்களில் இலவச ஆலோசனை நடத்துகிறது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றீர்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. யூதச் சட்டத்தரணிகளுக்கு எங்கள் ஆட்களில் என்ன அக்கறை என்று கேட்டேன்.

“என் அம்மாவின் தகப்பனார் இந்த ஊரில் சட்டத்தரணி. உலகப்போர்க் காலத்தில், யூதர் என்பதற்காக அங்கியைக் கழற்றச் சொன்னார்கள். அவரோடு வேலை செய்தவர்களில் ஒருவராவது ஏன் என்று கேட்டிருக்கலாம்” என்றீர்கள். அதே மூச்சில், “வியாழக்கிழமை வருவீர்களா, மாட்டீர்களா?” என்றும் கேட்டீர்கள். உங்களுக்கும் பொறுமை கிடையாது. அதனால்தான் நமக்கு ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

முதல் வியாழன் நான் உளுந்து வடை கொண்டுபோனது நினைவிருக்கிறதா? நீங்கள் ஐந்து பேர் அதைச் சுற்றி நின்று, உங்கள் மத உணவு விதிக்கு அது ஆகுமா என்று வாதாடினீர்கள். இறைச்சி இல்லை, சரி. மீன் இல்லை, சரி. ஆனால் எந்தச் சட்டியில் பொரித்தது, அந்தச் சட்டியில் முன்பு என்ன பொரித்தது? என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாத குறை. வாசலில் பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள். கடைசியில் உங்களில் மூத்தவர், வெள்ளை மீசைக்காரர், “மேன்முறையீட்டை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் வடை மேத்ர். நான் புதுச்சட்டி வாங்கினேன். அந்தச் சட்டி வடைக்கு மட்டும், அந்த வடை வியாழனுக்கு மட்டும் என்று ஆனது.

இரண்டாவது குளிர்காலத்தில் சிவமலர் வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கையில் ஏழு வயது மகள். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்கு வந்திருந்தாள். கடைசிச் சண்டை நடந்த கடற்கரையில் இருந்து வந்தவள். எதைக் கேட்டாலும் நேராகச் சொன்னாள், அழவில்லை. கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அவருக்குக் காலிலை காயம் அக்கா. நடக்க ஏலாது. பிள்ளையைக் கொண்டு போ எண்டவர். நான் பங்கருக்குள்ளை விட்டிட்டு வந்தனான். நான் வரேக்கை உயிரோடைதான் இருந்தவர்.”

நான் உங்கள் பக்கம் திரும்பி, “கணவர் காயத்தினால் அங்கேயே இறந்துவிட்டார்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து வருடமாக எனக்கு நானே காரணம் சொல்லிவருகிறேன். உங்கள் மேசையைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். எங்கள் பெண் ஒருத்தி காயப்பட்ட கணவனை விட்டுவிட்டு வந்தாள் என்பதை அத்தனை அந்நியர் முன்னால் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காக வெட்கப்பட்டேன் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இல்லை, எனக்காகத்தான். அதோடு, அந்த இடத்தில் நடக்க ஏலாத மனிதன் எங்கே பிழைத்திருக்கப் போகிறான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். மொழிபெயர்க்கிறவளுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கையெழுத்துக்கு முன் வாக்குமூலத்தை முழுவதும் விண்ணப்பித்தவரின் மொழியில் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது உங்கள் சட்டம். வாசித்தேன். அந்த வரி வந்தபோது தாளில் இருந்ததை வாசிக்கவில்லை, அவள் சொன்னதை வாசித்தேன். அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். நீங்கள் என் தோளைத் தட்டி, “நல்ல வேலை” என்றீர்கள்.

விசாரணையில் மொழிபெயர்த்தது மன்றத்தின் ஆள். நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். கணவர் எப்படி இறந்தார் என்று நீதிபதி கேட்டார். “செத்தவரோ எண்டு எனக்குத் தெரியாது ஐயா. நான் வரேக்கை உயிரோடை இருந்தவர்” என்றாள் சிவமலர். நீதிபதி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார். நீங்கள் எழுந்து ஏதோ சொன்னீர்கள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது, தள்ளுபடி. கணவரின் இறப்பைப் பற்றிய கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரணானவை, ஆகவே நம்பத்தக்கவை அல்ல.

“நான் பிழையாக எழுதினேனா?” என்று என்னைக் கேட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “அவள் பயத்தில் குழம்பியிருப்பாள்” என்றேன்.

அந்த இலையுதிர்காலத்தில் சிவமலரை மண்டபத்துக்கு வரச்சொன்னீர்கள். மேசையில் மூன்று மாதுளம்பழங்கள். உங்கள் பெரிய உபவாச நாளுக்கு முன்னால், அந்த வருடம் யாருக்குப் பிழை செய்தீர்களோ அவர்களிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், கடவுளிடம் கேட்டால் அது தீராது என்று விளக்கினீர்கள். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னீர்கள். “நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. பிழையாக எழுதிவிட்டேன். அதனால் உங்களுக்கு இந்த நாட்டில் இடம் கிடைக்காமல் போயிற்று. என்னை மன்னியுங்கள்.”

அதை மொழிபெயர்க்க வேண்டியவள் நான். மொழிபெயர்த்தேன் மேத்ர். என் பிழைக்கு நீங்கள் கேட்ட மன்னிப்பை, என் வாயாலேயே, உங்கள் குரலில் சொன்னேன். சிவமலர் உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மண்டபத்தில் யாரோ கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அவவிலை ஒரு பிழையுமில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா.”

அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். நீங்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

அதற்குப் பிறகு சிவமலர் ஏழு வருடம் காட் என்கிற வதிவிட அட்டை இல்லாமல் இருந்தாள். சார்செல்லில் ஒரு அறையில் தாயும் மகளும். கார் து நோர் ரயில் நிலையத்தில் பொலிஸ் நிற்கும் என்று முன்னாலேயே சென் துனியில் இறங்கி, மழையானாலும் நடந்தே லா சப்பலுக்கு வருவாள். கந்தோர்களில் அதிகாலைத் துப்புரவு வேலை. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த வருடங்களைக் காட்டித்தான் கடைசியில் வதிவிட அனுமதி எடுத்துக் கொடுத்தீர்கள். ஒரு புதுவருடமும் அந்த வழக்குக் கோவையை நீங்கள் மறந்ததில்லை. சங்கத்துக்குப் புதிதாக வரும் சட்டத்தரணிகளிடம், “நான் ஒரு பெண்ணின் வழக்கைக் கெடுத்தேன், எப்படி என்று கேளுங்கள்” என்றுதான் பேச்சைத் தொடங்குவீர்கள். நான் பின்னால் வடைத் தட்டை வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு மாலை உங்கள் சங்கத்தின் பெயர் வாசிப்புக்கு என்னையும் அழைத்தீர்கள். அங்கி பறிக்கப்பட்ட சட்டத்தரணிகளின் பெயர்களை, ஆளுக்கு ஒரு பக்கமாக, வருடத்தில் ஒருமுறை நின்றுகொண்டு வாசிப்பீர்கள். சிலருக்கு இறந்த இடம் சொன்னீர்கள். உங்கள் அம்மாவின் தகப்பனார் பெயர் வந்தபோது, “திரும்பி வரவில்லை” என்று மட்டும் வாசித்தீர்கள். ‘இறந்தார்’ என்ற சொல்லை ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன்.

“அவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததை நாங்கள் வாசிப்பதில்லை. என் அம்மா சாகும்வரை அந்தச் சொல்லைச் சொல்ல விடவில்லை” என்றீர்கள்.

அன்று படி இறங்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுத்த வியாழன் சொல்லலாம் என்று நினைத்தேன். எத்தனை வியாழன் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு உங்களுக்கு நோய் வந்தது, மண்டபத்துக்கு வருவது நின்றது. போன வைகாசியில், நீங்கள் இறந்த மறுநாளே அடக்கம் முடிந்துவிட்டது. நீங்கள் இப்படி அவசரப்பட்டது எனக்கு ஆறவே இல்லை.

துக்கம் இருக்கும் ஏழு நாளில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அந்தச் சட்டியில் பொரித்த வடையோடுதான். வடை மேத்ர் அங்கே தாழ்வான கதிரையில் இருந்தார். சமையலறையில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இறந்துவிட்டால், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் கேட்கச் சொல்ல வேண்டும் என்று எங்களிடம் இருக்கிறது” என்றார். “பத்து ஆண்கள் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் சங்கத்தில் அது இன்னும் வாதாடி முடியவில்லை. வருகிறவர்களை எண்ணுவோம். ஆனால் அந்தப் பெண் உயிரோடுதானே இருக்கிறார்? முதலில் அவரிடம் போங்கள்.”

இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். சிவமலர் தேத்தண்ணி வைத்துத் தந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். அவள் நிறுத்தினாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. நீதிபதி தாளைப் பாத்தோடனை விளங்கிட்டுது.”

“பிறகு ஏன் பிள்ளை அவவுக்குச் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? அவவோடை கதைக்க எனக்கு உங்களை விட்டா ஆர் இருந்தது?”

அந்த மண்டபத்தில் அவளுக்கு இருந்த ஒரே வாய் நான். அதை மூடிக்கொண்டு ஏழு வருடம் அவள் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறேன். நான் அழுதேன். அவள் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள்.

“காட் கிடைக்காதது பறவாயில்லை அக்கா. அது பிறகு கிடைச்சுது. அவரைத் தாளிலை சாகக் குடுத்திட்டியள். நான் ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்லை. பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. எழும்பும்போது, “எந்த ஞாயிறு எண்டு சொல்லுங்கோ, நான் வாறன்” என்றாள்.

பந்தாங் கல்லறைத் தோட்டத்தில் வடை மேத்ரோடு சேர்த்து உங்கள் சங்கத்தவர் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மழை தூறியது. கடைசியாக சிவமலர் நடந்து வந்தாள். வடை மேத்ர் அவளைப் பார்த்து, “பத்து” என்றார்.

நான் பிரெஞ்சில் ஒரு வசனம் சொல்வேன், பிறகு சிவமலருக்காக அதையே தமிழில் சொல்வேன். என்னை நானே மொழிபெயர்த்தது வாழ்க்கையில் அன்றுதான். எதையும் விடவில்லை. வெட்கப்பட்டதை, திருப்பி வாசித்தபோது மாற்றியதை, அவள் குழம்பினாள் என்று பொய் சொன்னதை, உங்கள் மன்னிப்பை என் வாயால் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். எல்லோரும் உங்கள் வழக்கப்படி கல்லறைக் கல்மேல் சிறு கல் ஒன்றை வைத்துவிட்டு விலகினார்கள். சிவமலர் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அதைச் சொன்னனீங்களோ?”

“எல்லாம் சொன்னனான் பிள்ளை.”

“நீங்கள் செய்ததை இல்லை. நான் சொன்னதை.”

அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பாவத்தைச் சொல்கிற அவசரத்தில் அவளுடைய வாக்கியத்தை மறுபடியும் விட்டுவிட்டேன். போய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். ஒன்பது பேரும் மழைக்குள் திரும்பி வந்து நின்றார்கள். அவள் தமிழில் ஒவ்வொரு துண்டாகச் சொல்லச் சொல்ல, நான் பின்னால் பிரெஞ்சில் சொன்னேன். காலில் காயம். நடக்க முடியாது. பிள்ளையைக் கொண்டு போ என்றார். விட்டுவிட்டு வந்தேன்.

“நான் வரேக்கை உயிரோடைதான் இருந்தவர்.”

“நான் வரும்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.”

சிவமலர் தலையாட்டினாள். “ஓம்” என்றாள். பிறகுதான் கையிலிருந்த கல்லை உங்கள் கல்மேல் வைத்தாள்.