பூட்டிய வீட்டில் பாட்டுப் பதிவு

அக். 3, வியாழன்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. என் வீட்டுக்காரருக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட். ஆறேகாலுக்கு இரும்புக் கம்பிக் கதவை இழுத்து வெளியே பூட்டும் சத்தம். பிறகு நாலு மாடியும் இறங்கும் சப்பாத்துச் சத்தம்.

கல்யாணமாகி மூன்று வருடம். முதலில் பூட்டு இல்லை. கீழ்மாடியில் ஒரு வீட்டில் திருடன் புகுந்த பிறகு வந்தது. "சேஃப்டிக்குத்தான்லா." என் சாவி? "எங்கேயோ விழுந்துடுச்சு, வேற செஞ்சு தர்றேன்." ஒன்றரை வருடமாகச் செய்கிறார்.

பத்து மணிக்கு எதிர்வீட்டு லூர்து அக்கா கம்பி வழியாக ஒரு பொட்டலம் நீட்டினார். ஒரு சின்ன மைக், இசை மட்டும் உள்ள ஒரு கேசட். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கேசட் கடை வைத்திருக்கும் தாஸ் அண்ணன் கொடுத்தனுப்பியது. அவருடைய இசைக்குழுவுக்குத் தீபாவளி நிகழ்ச்சிகளில் பாட ஒரு பெண் வேண்டுமாம். நான் குளியலறையில் பாடுவது லூ. அக்கா வீடு வரை கேட்குமாம், அதை அங்கே சொல்லியிருக்கிறார்.

"நேர்ல வர முடியாதுன்னா பாடி அனுப்பச் சொல்லுன்னாரு. அடுத்த சனிக்குள்ள வேணுமாம் வசந்தி."

அக். 4, வெள்ளி

முதல் முயற்சி. பழைய சின்ன டேப்பில் இசை. ஹாலில் இருக்கும் பெரிய ரேடியோ டேப்பில் மைக்கைச் செருகி வேறொரு கேசட்டில் பதிவு. போட்டுக் கேட்டால் மின்விசிறி மட்டும் தெளிவு. இசை பக்கத்து வீட்டில் ஓடுவது போல. 'ப' வரும் இடமெல்லாம் வெடி.

என் குரலா அது? இவ்வளவு மெலிந்துவிட்டதா.

அக். 7, திங்கள்

தெரிந்துகொண்டவை:
– விசிறி, ஐஸ்பெட்டி இரண்டையும் நிறுத்த வேண்டும். (ஐஸ்பெட்டியை மறக்காமல் திரும்பப் போட வேண்டும். சனிக்கிழமை மீன் கெட்டது.)
– மைக்கின் மேல் கைக்குட்டை. வெடி குறைகிறது.
– மைக் வாயிலிருந்து ஒரு சாண். சின்ன டேப் எனக்குப் பின்னால், ஸ்டூலின் மேல்.
– பாட்டரி தளர்ந்தால் இசை மெதுவாகி சுருதியே இறங்குகிறது. நான்தான் சுருதி தப்புகிறேன் என்று அரை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தையை நிமிர்த்தி வைத்து, அதற்குள் நின்று பாடினேன். எதிரொலி போயிற்று. ஒரே வியர்வை. பூட்டிய வீட்டுக்குள் இன்னும் சின்னதாக ஒரு அறையை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

அவர் வருவதற்குள் மெத்தையைத் திரும்பப் போட்டாயிற்று. விரிப்பு கோணலாக இருந்ததைப் பார்த்தார். இழுத்துச் சரிசெய்தார்.

அக். 9, புதன்

பதினோராம் தடவை: சரணத்தில் ரொட்டிக்காரர் ஹார்ன். பன்னிரண்டு: நடுவில் அழுகை, காரணம் தெரியவில்லை. பதின்மூன்று: சரி. கடைசி வரியில் மூச்சு திணறுகிறது. இருக்கட்டும்.

கம்பி வழியாக லூ. அக்காவிடம் கேசட்டைக் கொடுத்தேன். என் குரல் படியிறங்கிப் போயிற்று. நான் இங்கே.

அக். 12, சனி

லூ. அக்கா மூச்சிரைக்க வந்தார், கையில் அதே கேசட். "ரெண்டு தடவ போட்டுக் கேட்டாரு. இந்தப் பொண்ண எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னு கேக்கறாரு. வியாழக்கிழமை மூணு மணிக்கு ஒத்திகை. கட்டாயம் வரணுமாம்."

சாயந்தரம் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். கண் கலங்கிவிட்டது. "நீ இப்படிப் பாடுவேன்றதையே நான் மறந்துட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒத்திகையைப் பற்றிச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

அக். 13, ஞாயிறு

காலையில் தனியாக வெளியே போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். புது மைக், அதற்கு ஸ்டாண்ட், எதிரொலி சேர்க்கும் சின்ன மிக்ஸர். தரையில் உட்கார்ந்து தானே வயரெல்லாம் பொருத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே நீ எங்கயும் போக வேணாம்லா. எத்தனை பாட்டு வேணும்னாலும் வீட்டிலயே பாடு. நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"ஒத்திகைக்கு வரச் சொல்றாங்களே."

"அதுக்குத்தானே இதெல்லாம் வாங்கினேன்."

இசையைப் போட்டார். நான் வாய் திறக்கவில்லை. பல்லவி போயிற்று, சரணங்கள் போயின. என் இடமெல்லாம் காலியாகவே ஓடி முடிந்தது.

"தொண்டை சரியில்லையா?"

"சாவி வேணும்."

டேப்பை நிறுத்தினார். வயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றி அழகாக எடுத்து வைத்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அக். 15, செவ்வாய்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. எனக்குப் பிடிக்கும் என்று அப்பம் வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார். சாப்பிட்டேன். நல்ல மனிதர். அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

புது மைக் மூலையில் நிற்கிறது. துண்டு போட்டு மூடினேன்.

அக். 17, வியாழன்

வெயில். ஒன்றரை மணிக்கு லூ. அக்கா, கையில் இரும்பு அறுக்கும் ரம்பம். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஃபிட்டர்.

"நல்லா யோசிச்சிட்டியா? நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது."

"அறுங்கக்கா."

கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டை நான் பிடித்துக்கொண்டேன், அவர் வெளியே நின்று அறுத்தார். பாதியில் அவருக்குக் கை வலி. ரம்பத்தை வாங்கி மிச்சத்தை நானே. கழன்றபோது பூட்டு சுட்டது.

மேசையில் ஒரு சீட்டு: பாடப் போகிறேன். ஆறு மணிக்கு வருவேன். சோறு இருக்கிறது.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

ஒத்திகை கடையின் மாடியில். கீபோர்டு, கிட்டார், தபேலா. முதல் தடவை முந்திவிட்டேன். கேசட் எனக்காக நிற்காது, அதைத் துரத்தியே பழகியிருக்கிறேன். "என்னம்மா அவசரம், நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்" என்றார் தாஸ் அண்ணன். இரண்டாம் தடவை சரியாக வந்தது. தபேலாக்காரர் தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நாலு மணியிலிருந்து அங்கேயேதானாம். திறந்த கதவைப் பார்த்துவிட்டு உள்ளே போகவே இல்லை. சீட்டையும் பார்க்கவில்லை.

"நீ போய்ட்டேன்னு நினைச்சேன்."

"போய்ட்டுத்தான் வந்திருக்கேன்."

நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம்.

அக். 19, சனி

தூறல். புதுப் பூட்டு வாங்கி வந்தார். பழையதைவிடப் பெரிசு. அட்டையைப் பிரித்தால் நூலில் கட்டிய இரண்டு சாவி. நூலை அறுத்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"தொலைச்சிடுவ வசந்தி."

"மாட்டேன்."

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை பூட்டாமல் போக அவரால் முடியாது. அது எனக்குத் தெரியும்.

அவர் குளிக்கப் போனதும் கம்பிக்குள் கையை விட்டு, வெளியே தொங்கும் பூட்டில் சாவியைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கட்டில் கீறல். எட்டுகிறது.