சூடு தெரியாத கை

மாமா,

அடுப்படியில் தீப்புண் மருந்து வாடை இன்னும் போகவில்லை. நேற்று நம் மகள் தோசைக்கல்லை வெறுங்கையால் இறக்கிவிட்டாள். விரல் கொப்பளித்தது, அவளுக்குத் தெரியவில்லை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நீங்கள் கொதிக்கிற தகரக் குழாயைக் கையால் தள்ளுவீர்கள். "அண்ணே, கையா அது, இடுக்கியா?" என்பார்கள் ஆட்கள். "மலைக்காரன் கைடா!" என்பீர்கள். காய் பிரித்துக்கொண்டே நானும் பெருமையாகச் சிரிப்பேன். உங்கள் இடது தோள் இறங்கியிருந்ததற்கு மூட்டையைக் காரணம் சொன்னோம். பிள்ளை சூடான டம்ளரைப் பிடித்தால், "அப்பன் கை அப்படியே" என்று கொஞ்சுவீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள். அதன் பிறகு அவள் மளமளவென்று வளர்ந்தாள். யூனிபார்ம் கோணலாக இருக்கிறதென்று தையல்காரியிடம் சண்டைக்குப் போனேன். "ஏத்தா, தச்சது கோணலில்ல. பிள்ள தோளுதான் ஒரு பக்கம் இறங்கியிருக்கு" என்றாள். போடியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு வளைந்திருந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் அவள் கண்ணை மூடச் சொல்லி, கையில் சுடுதண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாற்றி வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். வளைவு இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டாம், இவளுக்குக் கட்டாயம் வேண்டும் என்றார். "முதுக நிமித்துறதுக்கு முன்னாடி உள்ள நரம்பப் பாக்கணும்மா."

எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தத் தடதட சத்தத்திலிருந்து வெளியே வந்ததும், "யம்மா, போடிமெட்டு ஏறுற ஓட்ட ஜீப்புக்குள்ள தலைய விட்டாப்புல இருந்துச்சு!" என்றாள். கூடச் சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

முதுகுத்தண்டு நரம்புக்குள் நீர் கோத்திருக்கிறதாம். முதுகு வளைந்ததும் கைக்குச் சூடு தெரியாததும் அதனால்தானாம். முதலில் கழுத்துக்குப் பின்னால் ஆபரேஷன், முதுகு அப்புறம். விட்டால் கை விளங்காமல் போகலாமாம். "வீட்டுல வேற யாருக்கும் இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். உங்களை யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை. இனி உங்களிடம் கேட்கவும் வழியில்லை. "இவ அப்பாவுக்கு இருந்துச்சு சார்" என்றேன். உங்களைக் காட்டிக்கொடுத்தது போல இருந்தது.

"ஆம்பள இல்லாத வீட்டுல பிள்ள கழுத்துல கத்தி வைக்கச் சொல்றியா?" என்கிறாள் உங்கள் அக்கா. அடுத்த வாரம்தான் ஆபரேஷன். டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் குளிக்கத் தண்ணீர் விளாவினால், முதலில் என் கையை விட்டுப் பார்க்கிறேன். உங்களுக்கு ஒருநாளும் அப்படிப் பார்த்து ஊற்றினதில்லை, மாமா.