சோனோ அத்தையின் பால்

ஜூன் 8

மழை விடவில்லை. கழிகளில் தொங்கும் உதோன் நூடுல்ஸ் இழைகள் காயாமல் புளித்த வாடை அடிக்கின்றன. இப்படியே போனால் இந்தத் தீவில் என் உதோனை யார் வாங்குவார்கள்?

குளிக்கும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கமேலியா விதை அளவு, விரல் நுனியளவு. வலியில்லை. வலித்தால் டாக்டரிடம் போகலாம். வலிக்காததற்கு என்ன செய்வது?

ஒசாகாவிலிருந்து மகள் சிஹோ பேசினாள். அவளுக்கு எட்டாம் மாதம். "அம்மா, ரத்தப் பரிசோதனையில எனக்கு ஏதோ வைரஸ் இருக்காம். தாய்ப்பால்ல வர்றதாம். உன்னையும் பாக்கச் சொல்றாங்க."

கல்யாணத்துக்கு நான் கொடுத்த பட்டு கிமோனோவை அவள் ஒருநாளும் கட்டவில்லை. இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஜூன் 9

தூக்கமில்லை.

ஜூன் 17

எனக்கும் இருக்கிறது.

இவாசாகி டாக்டர் ஒரு மனித உருவம் வரைந்து, விலா எலும்புக்கு அடியில் குறுக்கே கோடு போட்டார். "இது உதரவிதானம். கட்டி ஒரே இடத்துல இருந்தா முதல் நிலை. கோட்டுக்கு ஒரே பக்கமா ரெண்டு மூணு இடம்னா ரெண்டாவது. கோட்டுக்கு மேலயும் கீழயும் இருந்தா மூணு."

"அப்புறம்?"

"ரத்தம், எலும்பு மஜ்ஜைன்னு பரவிட்டா நாலு. முதல்ல பாப்போம். வைரஸ் இருக்கிற இருபது பேர்ல ஒருத்தருக்குத்தான் இது நிணநீர்ப் புற்றா முத்தும். அதுவும் அம்பது அறுபது வருஷம் தூங்கின பிறகு."

என் பள்ளிக்கூடம், கல்யாணம், பிரசவம், என் வீட்டுக்காரர் சாவு — எல்லாவற்றுக்கும் ஒருவர் எனக்குள் உட்கார்ந்திருந்து, சத்தமே இல்லாமல் பார்த்திருக்கிறார்.

ஜூன் 20

அரிசி கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு கவட்டையில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று. கோட்டைத் தாண்டிவிட்டதா?

ஜூன் 25

நாலாவது நிலை. டாக்டர் திரையைத் திருப்பி என் ரத்தத்தைக் காட்டினார். இதழ் இதழாக விரிந்த அணுக்கள். "இதைப் பூ அணுன்னு சொல்லுவோம்." அழகாகத்தான் இருந்தன. பயந்து செத்தேன்.

அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும் என்று முதியோர் இல்லத்தில் அவள் ரத்தத்தையும் எடுத்தார்கள்.

ஜூலை 2

அம்மாவுக்கு இல்லை.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "பெரிய வயசுல தொத்தினா இப்படி முத்துறது ரொம்ப அபூர்வம். கைக்குழந்தையாவே பால்லதான் வந்திருக்கணும்."

அப்படியென்றால் யார் பால்?

ஜூலை 3

"ஏண்டி கிகுயோ, என் ரத்தத்தை உறிஞ்சிட்டுப் போனாங்களே, என்ன கண்டுபிடிச்சாங்க?" என்றாள் அம்மா. சொன்னேன். சிரிப்பு நின்றது.

"உனக்குப் பால் குடுத்தது நான் இல்லடி. உன்னைப் பெத்து ஜுரத்துல கெடந்தேன். பக்கத்து வீட்டு சோனோதான் குடுத்தா. அவ பிள்ளை செத்துப் பொறந்து நாலு நாளு. மார் கட்டிக்கிட்டு அழுதுட்டிருந்தவ, உன்னை வாரி எடுத்துக்கிட்டா."

"ஏம்மா சொல்லல?"

"செத்த பிள்ளையோட பாலைக் குடிச்சவன்னு தெரிஞ்சா எவன் உன்னைக் கட்டுவான்? அந்தப் பிள்ளை பங்கு கேட்டு வரும்பாங்க."

சோனோ அத்தை, கழுத்து வீங்கிச் செத்தவள். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயையே பார்ப்பாள்.

ஜூலை 20

நாகசாகியில் முதல் சுற்று மருந்து முடிந்து வீடு வந்தேன். தலையணையெல்லாம் முடி. சிஹோ வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறாள். "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராம வேற எங்க போவேன்?" அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 8

பெண் குழந்தை. புட்டிப்பால்தான். பெரும்பாலும் தப்பிவிடும் என்கிறார் டாக்டர். பெரும்பாலும்.

ஆகஸ்ட் 15

பால் நிற்க மாத்திரை கொடுத்தும் சிஹோவுக்குக் கட்டிக்கொண்டது. சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பீய்ச்சிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதைச் சாக்கடையிலயாம்மா கொட்டணும்?"

"எங்கிட்ட குடு."

ஆண்டுக்கொருமுறை வீடு வரும் முன்னோரை வழியனுப்பும் கடைசி நாள். கல்லறை மேடெங்கும் விளக்கு. சோனோ அத்தைக்கு மட்டும் யாரும் ஏற்றவில்லை. அவள் கல்லருகே பெயரில்லாத சின்னக் கல் ஒன்று, செத்துப் பிறந்த அந்தப் பிள்ளையுடையது. விளக்கை ஏற்றி, பாலை அந்தக் கல்லின் மேல் ஊற்றினேன். "உன் பங்கு. நான் குடிச்சதுக்கு."

வழிந்தோடும் என்று நினைத்தேன். ஒரு சொட்டும் தரைக்கு வரவில்லை. வெயிலில் காய்ந்த கல், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

வாசலிலேயே சிஹோ நின்றாள். "புட்டியை இன்னும் சூடுகூட பண்ணலம்மா. வீறிட்டுக்கிட்டு இருந்தவ சட்டுனு நிறுத்திட்டா. வந்து பாரேன்."

படுக்கையில் குழந்தை தனியாகக் கிடந்தாள். கண் மூடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, மடியில் கிடப்பவளைப் போல. வாய் சப்பிக்கொண்டிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

அள்ளி எடுத்தேன். "போதும் அத்தை," என்றேன் வாய்விட்டு. "நீ குடுத்துதான் நான் பொழைச்சேன். இவளுக்கு வேணாம். இது என்னோட, சிஹோவோட நிக்கட்டும். இவளை விட்டுடு."

சோனோ அத்தை கதை தெரிந்த சிஹோ, பாலைச் சூடு பண்ணி வந்து புட்டியை நீட்டினாள். வாயில் வைத்தேன்; துப்பினாள். மறுபடி வைத்தேன்; வயிறு நிறைந்தவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிஹோ எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தாள், விருந்தாளியை வழியனுப்பத் திறப்பது போல. மேட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

குழந்தைக்குப் பசி வந்தது. புட்டிப்பாலைக் குடித்தாள்.