உன் டப்பாவைக் கேட்கிறார்கள், அண்ணா

தோளில் மருந்துப் பம்போடு அஞ்செட்டி மலையெல்லாம் ஏறி இறங்கிய என் ஆசை அண்ணனுக்கு,

உனக்கு ஒரு நல்ல சேதியோடுதான் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நம் மஞ்சு உண்டாகியிருக்கிறாள், ஏழாம் மாதம். நல்ல சேதி அதோடு முடிந்தது. மீதியெல்லாம் பயம்தான்.

மஞ்சுவும் மாப்பிள்ளையும் ஓசூரில், கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். மகளைப் பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டிப்போகும்வரை நானும் அங்கேதான் இருக்கிறேன். பக்கத்து அறையில் ஒடிசாக்காரக் குடும்பம், நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பெண் பெயர் சுனிதா, கையில் பால் குடிக்கிற குழந்தை. ஊருக்குப் போய்விட்டு வந்த அவள் புருஷனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்ததில் மலேரியா என்றார்கள். மஞ்சுவைப் பார்த்தேன், அவள் வயிற்றைப் பார்த்தேன்.

வீட்டு ஓனர் முனிராஜ் எல்லாரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். நேராக என்னிடம்தான் கேட்டார்.

"ஏங்க்கா, உங்க அண்ணன் மலேரியா ஆபீஸ்லதான இருந்தாரு? அந்த டிடிடி தூளு எதுனா வூட்ல கெடக்குதா?"

கிடந்தது. எறும்புக்கு வேண்டும் என்று அம்மா நச்சரித்ததற்காக நீ கொண்டுவந்து, பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடி இறுக்கி, தேன்கனிக்கோட்டை வீட்டுப் பரணில் வைத்தாயே, அது அப்படியே இருந்தது. மஞ்சு எப்போதோ விளையாட்டாகச் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கிறது. நம் பெண்ணுக்கு வாய் நிற்காது, உனக்குத் தெரியாததா?

மாடியில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. முன்னறையில் இருக்கிற பாஸ்கர், "அத்த அடியோட தடை பண்ணணும்ங்க, தாய்ப்பால்லயே வருதாமா" என்றார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "தடை கேக்கறவங்க வூட்ல ஏசி ஓடுது. ஜன்னலுக்கு வலைகூட இல்லாதவன் என்னா பண்ணுவான்? சொவத்துல அடிச்சப்ப காய்ச்சல் போச்சா இல்லியா?" என்று எழுந்து நின்றார். இப்போதெல்லாம் பல இடத்துக் கொசு அதற்குப் பழகிவிட்டதாம் என்றார் இன்னொருவர். யார் பேசினாலும் எனக்கு அது சரியாகவே பட்டது. நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

கடைசியில் முனிராஜ்தான் வழி சொன்னார். "எல்லார் வூட்லயும் வேணாம். இங்க புள்ளத்தாச்சி கீது. அந்த இந்திக்காரங்க ரூம்ல மட்டும் அடிச்சுடலாம்." தடை கேட்ட பாஸ்கரும் தலையை ஆட்டினார், மாப்பிள்ளையும் ஆட்டினார். சுனிதாவை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. நான் கீழே இறங்கியபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், அண்ணா.

நாட்றாம்பாளையம் பக்கம் வேலைக்குப் போன நாளில் வந்து புலம்புவாயே, ஞாபகம் இருக்கிறதா? வீடு முழுக்க அடிக்க விடுவார்கள், சாமி மூலையை மட்டும் தொட விடமாட்டார்கள். கொசுவெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நீ குளித்து, திருநீறு பூசி, பம்பு வாயைக் கழுவிவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் கெஞ்சித்தான் உள்ளே போவாய். இந்த லைன் வீட்டில் எங்கள் எல்லார் அறையும் சாமி மூலை ஆகிவிட்டது. அவள் அறைதான் வெறும் சுவர்.

மறுநாள் பஸ் பிடித்து ஊருக்குப் போய் டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் உன் சட்டை வாசனை வந்தது. மஞ்சுவைப் பெற்று அம்மா வீட்டில் கிடந்தபோது அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் நான்தானே? துவைத்த கையோடுதான் அவளைத் தூக்கிப் பால் கொடுத்தேன். அப்போது நமக்கு என்ன தெரியும்? உன் வயிற்றில் கட்டி வந்தபோது, "இதனாலதான் வந்துதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். உன்னைக் கொண்டுபோனது இதுதானா? அந்த மலையில் காய்ச்சலில் போகாமல் பிழைத்த பிள்ளைகள், உன்னால் பிழைத்தார்களா, இதனாலா? யாரிடம் போய்க் கேட்பேன்?

டப்பாவை லைன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் சுகாதார ஆய்வாளர் கையில் கொடுத்தேன். "இத்தன வருசமா இத்த வூட்லயா வெச்சிருந்தீங்க?" என்று நன்றாகத் திட்டினார். சாயங்காலமே ஆட்களோடு வந்து தொட்டி, டிரம் எல்லாம் கவிழ்த்து, ஓர் அறை விடாமல் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். மாப்பிள்ளை கொசுவலை வாங்கி வந்தார். சுனிதாவுக்கும் ஒன்று வாங்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். "உங்க பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா என்னாண்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போன முனிராஜ் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து மஞ்சுவுக்குக் காய்ச்சல். மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கலாம், எதுவானாலும் மருந்து இருக்கிறது என்கிறார் நர்ஸ். நான் தலையை ஆட்டுகிறேன், மனசு கேட்கவில்லை. சுனிதாவும் கூடவே வந்துவிட்டாள். தன் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, மஞ்சுவின் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அறையில் என்ன அடிக்கப் பார்த்தோம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லலாம். அந்த டப்பா பரணிலேயே இருந்திருந்தால் இந்நேரம் நான் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் இருந்திருப்பேன். கொண்டுவந்து, யாரையும் கேட்காமல், அவள் சுவர் முழுக்க அடித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் புத்தி சரியாக இருந்தபோதே கொடுத்துவிட்டேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. உள்ளேயிருந்து எந்தச் சேதி வந்தாலும் சரி, என் மகள் சுவரில் அடிக்க மனசு வராததை இந்தப் பிள்ளை தூங்குகிற சுவரில் அடிக்க விடமாட்டேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

மஞ்சு பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

உன் சட்டை துவைத்த கையோடு,
உன் தங்கச்சி